மீன்தொட்டிக்குக் குறை சொல்லப் போனவன்

மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சட்டிக்குள் இறங்கிய பிறகு நடப்பவைதான். புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் எப்போது, தலை யாருக்கு (எனக்குத்தான்) என்ற விஷயங்களில் என்னோடு யாரும் வாதாட முடியாது. ஆனால் உயிரோடு நீந்துகிற மீன், அது குடியிருக்கிற கண்ணாடி வீடு, அந்த வீட்டின் தரம், அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பவற்றில் நான் சுத்த சூனியம். இதை இப்போது கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்னரே ஒப்புக்கொண்டிருந்தால் டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே ஒரு நல்ல மனிதருடைய வரவேற்பறை நனைந்திருக்காது.

கதை என் மகள் மதுராவிலிருந்து தொடங்குகிறது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. பதினாலு வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அறைக்கதவு பூட்டியே இருக்கும். தட்டினால் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வரும். நான் தமிழில் நாலு வரி கேட்டால் டேனிஷில் ஒரு சொல் பதிலாக வரும். அந்த ஒரு சொல்லும் பெரும்பாலும் "பின்லிட்" என்பதாக இருக்கும். மானம் போகிறது என்று அர்த்தம். நான் பஸ்ஸில் ஃபோன் கதைத்தால் பின்லிட். பெற்றோர் கூட்டத்தில் கை உயர்த்தினால் பின்லிட். சப்பாத்துக்கு வெள்ளைச் சொக்ஸ் போட்டால் மகா பின்லிட். நான் மூச்சு விடுவதைக்கூட அவள் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

வேலைத்தளத்தில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எத்தனையோ தொன் சாமானை உயரத் தட்டுகளிலிருந்து பூப்போல இறக்கி வைப்பவன். என் பிள்ளையின் வாயிலிருந்து இரண்டு வசனத்தை இறக்க என்னால் முடியவில்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பிள்ளை இப்படியே கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாள் பெரியவளாகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று நினைத்து இரவில் புரண்டு படுத்திருக்கிறேன்.

அப்படியிருக்க ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள்:

"அப்பா, எனக்கு ஒரு மீன்தொட்டி வேணும்."

தமிழ்! அதுவும் எழுவாய், பயனிலை எல்லாம் சேர்ந்த முழு வசனம்! என் மனைவி சாந்தி அகப்பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் வாயருகே கொண்டுபோன சோற்றைக் கோப்பையில் வைத்துவிட்டேன்.

விளம்பரத்தை அவளே தேடிப் பிடித்து வைத்திருந்தாள். இருநூறு லீற்றர் தொட்டி, அதை வைக்கும் அலுமாரி, விளக்கு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்ட்டர், உள்ளே வைப்பதற்கு ஒரு பெரிய மரவேர். பக்கத்துக் கிராமமொன்றில் ஒருவர் வீடு மாறப்போகிறாராம், அதனால் விற்கிறாராம். படத்தைக் காட்டும்போது அவளுடைய குரலே வேறாக இருந்தது. கடைசியில், "நீங்களும் என்னோடை வாறீங்களோ?" என்று கேட்டாள். (கார் என்னிடம்தான் இருந்தது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் பிள்ளை என்னை விரும்பி அழைக்கிறாள் என்றே நினைத்து உருகிப்போனேன்.)

போகிற நாளுக்கு முன் நான் யூரியூப்பில் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன். பழைய தொட்டி வாங்குவது எப்படி என்று ஆளாளுக்குச் சொல்லித் தந்தார்கள். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கனை நகத்தால் தடவிப் பார். கீறல் வெளியிலா உள்ளேயா என்று வெளிச்சம் பிடித்துப் பார். அலுமாரி தண்ணீர் பட்டு ஊதியிருக்கிறதா என்று அமத்திப் பார். முடிந்தால் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார். வேலைத்தளத்தில் சாப்பாட்டு நேரத்திலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த போலந்துக்காரன் எனக்கு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்துத் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். காரில் வைத்தே மகளுக்குப் பாடம் எடுத்தேன்.

"பிள்ளை, அங்கை போய் வடிவாயிருக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

"ஏன்?"

"சொன்னால் அந்தாள் விலையைக் குறைக்காது."

"வடிவாத்தானே இருக்கு?"

"வடிவாயிருக்கிறதாலைதான் சொல்லக்கூடாது எண்டுறன். முகத்தைக் கொஞ்சம் உம்மெண்டு வைச்சிரு. நான் கதைக்கிறன்."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கே எங்கள் ஆட்களுடைய வாங்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு சாமான் பிடித்துவிட்டால் முதல் வேலையாக அதைப் பழிப்போம். ஊர்ச் சந்தையில் மட்டுமல்ல, ஹோர்சன்ஸில் தமிழ்க்கடைக்குப் போனாலும் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து, "என்ன தம்பி, முத்தல் போலை கிடக்கு" என்போம். கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். "அண்ணை, இதைவிட இளசு வேணுமெண்டால் நீங்கள் மரத்திலை ஏறித்தான் பிடுங்கவேணும்" என்பார். நாங்கள் வேண்டாமென்று வாசல்வரை போவோம். அவர் கூப்பிடுவார். திரும்பி வருவோம். இருவருக்கும் சந்தோஷம். குறை சொல்லாமல் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு வருபவனை வீட்டில் பேயன் என்பார்கள். இது ஒரு நாடகம். இரண்டு பேருக்கும் வசனம் தெரிந்திருந்தால் நன்றாக நடக்கும்.

விற்பவருக்கு வசனம் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அவர் பெயர் ஹென்னிங். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். உயரமான, மெலிந்த மனிதர். பெரிய வீட்டை விற்றுவிட்டுத் துறைமுகப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போகவிருந்தார். மீன்களை ஏற்கெனவே தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வரவேற்பறை முழுக்க மட்டைப்பெட்டிகள். நடுவில் அந்தத் தொட்டி. (ஹென்னிங்கும் நானும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் பேசிக்கொண்டோம். டேனிஷில் பிரதமருக்கும் 'நீ'தான். எனக்கு இன்றுவரை நாக்குக் கூசும்.)

தொட்டி பளிங்குபோல இருந்தது. வெறுமையாக நின்றும் அறைக்கே ஒரு வெளிச்சம் தந்தது. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மதுராவின் முகம் ஒருமுறை மலர்ந்தது. உடனே என் கட்டளை ஞாபகம் வந்து அதை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சைப் பிசைந்தது. ஆனாலும் தொழில் தொழில்தான். "ம்ச்" என்று ஒரு சத்தம் விட்டேன்.

"இடது பக்கம் வெளியில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறது," என்றார் ஹென்னிங். "ஃபில்ட்டர் பழையது, ஆனால் வேலை செய்யும்."

எனக்கு எரிச்சல் வந்தது. விற்பவனே குறையைச் சொன்னால் வாங்க வந்தவன் பிறகு என்ன செய்வது? அவர் சொல்லாததைத் தேடத் தொடங்கினேன். மூலையில் நகத்தால் தடவினேன்.

"இந்தச் சிலிக்கன் மஞ்சளாகிவிட்டதே."

"அப்படியா?" ஹென்னிங் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு ரோச் லைற்றோடும், பல் பார்க்கும் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியோடும் வந்தார். முழங்காலில் நின்று அந்த மூலையை வெகுநேரம் பார்த்தார். இந்த வாயை நான் இதுவரை சரியாகப் பார்க்கவில்லையே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"நீ சொன்ன பிறகு பார்த்தால் ஏதோ ஒரு நிறம் தெரிகிறதுதான்," என்றார்.

நான் உற்சாகமாகிவிட்டேன். "மேலே சுண்ணாம்புக் கறை. அது உள்ளே ஊறியிருக்கும். அலுமாரியும் ஊதியிருக்கிறது, இங்கே பார்." அலுமாரி ஊதவில்லை. விரலால் அமத்தி, பலகை உள்ளே போவதுபோல நானே ஒரு பாவனை காட்டினேன். அதற்குப் பிறகு சொன்னதுதான் என் வாழ்க்கையின் உச்சம். தொட்டியைச் சுண்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "கண்ணாடி களைத்துவிட்டது" என்றேன்.

ஹென்னிங் திடுக்கிட்டார். "கண்ணாடி களைக்குமா?"

"வருடக் கணக்காகத் தண்ணீரைத் தாங்கினால் களைக்கும்." (இதை யூரியூப்பில் யாரும் சொல்லவில்லை. முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.)

"பல்லும் அப்படித்தான்," என்று அவர் சோகமாகத் தலையாட்டினார்.

மதுரா இதற்குள் ஜன்னலோரம் போய், இந்த மனிதர் என்னோடு வந்தவரில்லை என்பதுபோல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஹென்னிங்குடைய பதில் வசனத்துக்காகக் காத்திருந்தேன். இப்போது அவர் தொட்டியைப் புகழ வேண்டும், நான் முகத்தைச் சுளிக்க வேண்டும், அவர் விலையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அவரோ கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"தொட்டி உன் மகளுடைய அறையிலா இருக்கப்போகிறது?"

"ஆமாம்."

"அவள் தூங்குகிற அறையில்?"

"ஆமாம்."

அவர் எழுந்து நின்றார். "அப்படியானால் நான் இதை உனக்கு விற்கமாட்டேன்."

ஆகா, கடைசியில் மனுசன் வசனத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். விற்கமாட்டேன் என்பது மிக உயர்ந்த வசனமல்லவா! நானும் முறைப்படி, "சரி, அப்போது நாங்கள் வருகிறோம்" என்று சொல்லி வாசலை நோக்கி மெதுவாக நடந்தேன். முதுகுப் பக்கம் முழுவதும் காதாக இருந்தது. ஹென்னிங் வேகமாகப் பின்னால் வந்தார். வந்து, என்னை முந்திப் போய், கதவை மரியாதையாகத் திறந்து விட்டு, "உன் நேர்மைக்கு மிகவும் நன்றி" என்றார்.

வெளியே வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டினோம். மனித குலத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகச் சப்பாத்துக் கயிறு கட்டியிருக்க மாட்டார்கள்.

"அப்பா, அவர் கூப்பிடமாட்டார்."

"கூப்பிடுவார். பொறு."

"கூப்பிடமாட்டார், அப்பா."

அப்போது கராஜ் கதவு திறந்தது. ஹென்னிங் தன் காருக்குப் பின்னால் இழுவைப்பெட்டியைக் கொழுவிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். தொட்டியை நகரசபைக் குப்பை மேட்டில் கொண்டுபோய்ப் போடப்போவதாகச் சொன்னார். "வேறு யாராவது தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. நீ விஷயம் தெரிந்தவன், தப்பிவிட்டாய்."

நான் மதுராவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை, அந்த ஒற்றைச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. காரை நோக்கி நடக்கத் தொடங்கினாள். வருடக் கணக்குக்குப் பிறகு பிள்ளை என்னிடம் கேட்ட ஒரே ஒரு சாமான், என் வாயாலேயே குப்பைக்குப் போகிறது!

"ஹென்னிங், பொறு, பொறு! அது நல்ல தொட்டி. எங்களுக்குப் போதும்."

அவர் என் தோளில் கை வைத்தார். "நீ நல்லவன். என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாய்."

"இல்லை, உண்மையாகவே நல்ல தொட்டி! நீ கேட்ட விலையையே தருகிறேன்."

"பழுதான சாமானுக்கா?"

"அதைவிடக் கூடவே தருகிறேன்!"

ஹென்னிங் ஒரு அடி பின்னால் போனார். குறை சொல்லிச் சொல்லி விலையை ஏற்றுகிற ஒருவனை அவர் அதுவரை கண்டிருக்க மாட்டார். நான் தொட்டியைப் புகழப் புகழ அவருக்கு என்மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது. சிலிக்கன் அருமை என்றேன். "நீதானே மஞ்சள் என்றாய்?" அலுமாரி இரும்பு மாதிரி என்றேன். "ஊதியிருக்கிறது என்றாயே?" சொன்னதையெல்லாம் மனுசன் பாடமாக்கி வைத்திருந்தார். அந்த வயதில் அப்படியொரு ஞாபகசக்தி யாருக்கும் இருக்கக் கூடாது.

கடைசியில் என் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது. தண்ணீர் நிரப்பிப் பார்ப்போம்! ஒழுகாவிட்டால் நல்லது என்று நிரூபணமாகிவிடுமே. ஹென்னிங் யோசித்தார். இரண்டாவது வைத்தியரிடம் காட்டுவது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டார். எனக்குப் போன உயிர் வந்தது. மதுராவைக் கூப்பிட்டேன். மறுபடியும் சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸோடு உள்ளே போய், தொட்டியைத் தூக்கி, பின்கதவால் வெளியே கொண்டுவந்தோம். வரவேற்பறையை ஒட்டினாற்போலத் தோட்டத்து முற்றம், அதில் ஒரு மரமேசை. அதன் மேல் வைத்தோம்.

"அடியில் மெத்தையாக ஒரு விரிப்பு வைப்பது வழக்கம். எந்தப் பெட்டியில் இருக்கிறதோ தெரியவில்லை," என்றார் ஹென்னிங்.

"கொஞ்ச நேரத்துக்குத்தானே, தேவையில்லை," என்றேன்.

மதுரா குனிந்து மேசையைப் பார்த்தாள். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்த மேசை. ஒரு காலும் கட்டை. "அப்பா, இது சமனா இல்லை. தொட்டி சமனான இடத்திலை இருக்கவேணும்."

"சும்மா இரு பிள்ளை. அப்பாவுக்குத் தெரியும்."

தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட்டோம். தண்ணீர் ஏற ஏற என் நெஞ்சும் நிமிர்ந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. முக்கால்வாசி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை உள்ளங்கையால் தட்டி, "பார்த்தாயா ஹென்னிங்? பாறை! பாறை!" என்றேன்.

"டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, முன் கண்ணாடியில் வளைந்து வளைந்து மேலே ஏறியது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தோம். பிறகு வந்தது பாருங்கள் தண்ணீர்! மேசையிலிருந்து குதித்து, முற்றத்தில் ஓடி, நாங்கள் திறந்து விட்டிருந்த கதவால் யாரையும் கேட்காமல் வரவேற்பறைக்குள் போனது. நாங்களும் பின்னால் ஓடினோம். ஹென்னிங் ஒரு பெட்டியைக் கிழித்துத் துவாய்களை எறிந்தார். நான் நிலத்தில் தவழ்ந்தேன். மதுரா புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சோபாவில் வைத்தாள். நல்லகாலம், புத்தகம் எதுவும் நனையவில்லை. நனைந்தது மரத்தரை, எங்கள் சொக்ஸ், என் மானம்.

யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. ஏன் தெரியுமா? கண்ணாடி வெடித்தும் விழவில்லை. மஞ்சள் என்று நான் பழித்த அந்தச் சிலிக்கன் நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவு நல்ல வேலைப்பாடு.

தரை ஒருவாறு காய்ந்த பிறகு ஹென்னிங் முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீ சொன்னது சரி. கண்ணாடி களைத்துத்தான் போயிருந்தது. இது உன் பிள்ளையின் அறையில் நடந்திருந்தால்? நன்றி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றியைத் தாங்க முடியவில்லை. என்னையறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொட்டி நல்ல தொட்டி, அலுமாரி ஊதவேயில்லை, கண்ணாடி களைக்காது, மேசை சமனில்லாததால்தான் வெடித்தது, மகள் சொல்லியும் நான் கேட்கவில்லை.

ஹென்னிங் குழம்பிப்போனார். "அப்படியானால் ஏன் கெட்டது என்றாய்? பிடிக்கவில்லையா?"

"மிகவும் பிடித்தது."

"பிடித்தால் ஏன் கெட்டது என்றாய்?"

இதற்கு டேனிஷில் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. தமிழிலும் தேடிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அப்போதுதான் பின்னாலிருந்து மதுரா பேசினாள். டேனிஷில், அமைதியாக, ஒரு வழக்கறிஞர் மாதிரி.

"என் அப்பா எல்லாவற்றுக்கும் இப்படித்தான். எங்கள் காரை வாங்கும்போது அது செத்துப்போன கார் என்று சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தடவித் தடவிக் கழுவுகிறார். கணிதத்தில் நான் பத்து எடுத்தபோது, பன்னிரண்டு எங்கே போனது என்று கேட்டார். அடுத்த நாள் தன் வேலைத்தளம் முழுக்க என் பத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குத் தெரியும்."

(இங்கே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டுதான் ஆகக் கூடிய புள்ளி. அடுத்தது பத்து. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.)

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு என்னை இப்படிக் கவனித்துக்கொண்டிருந்தாளா? என்னால் வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கப்பட்டாள்தான். ஆனால் அதற்குமேல் ஒன்று இருந்திருக்கிறது. அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் துவாயைப் பிழிகிற சாக்கில் வெளியே போனேன்.

உள்ளே ஹென்னிங்கின் குரல் கேட்டது. "அப்படியானால் அலுமாரி ஊதியிருக்கிறது என்றது?"

"பிடித்திருக்கிறது."

"சிலிக்கன் மஞ்சள் என்றது?"

"மிகவும் பிடித்திருக்கிறது."

"கண்ணாடி களைத்துவிட்டது?"

"அதில் அவர் மயங்கியே போய்விட்டார்."

மனுசன் வெடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து மட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. அதற்கும் சிரித்தார்.

உடைந்த தொட்டிக்கும் தரைக்கும் நான் பணம் தரப் பார்த்தேன். அவர் வாங்க மறுத்தார். இருவரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம், அவர் வென்றார். அலுமாரி, விளக்கு, ஃபில்ட்டர், மரவேர் எல்லாவற்றையும் எங்கள் காரில் ஏற்றியும் விட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மதுரா கதைத்தாள். தமிழில் கதைத்தாள்! "கண்ணாடி களைச்சுப்போச்சாம்! அப்பா, உங்களுக்கு விசரே?" என்று சொல்லிச் சிரிப்பாள். நான் சுண்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டதை நடித்துக் காட்டுவாள். என் மகள் என்னை அவ்வளவு நேரம் பழித்தது அதுவே முதல் தடவை. அந்த வீதி இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை கடையில் ஒரு புதுத் தொட்டி வாங்கினோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் என்னை உள்ளே விட்டாள்.

பிறகொரு நாள் ஹென்னிங்கைச் சாப்பிடக் கூப்பிட்டோம். சாந்தி காலையிலிருந்து குசினியில் நின்று நண்டுக் குழம்பு வைத்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கோப்பையை உற்றுப் பார்த்து, மிகவும் கவலையோடு டேனிஷில் சொன்னார்: "சாந்தி, இது சரியில்லை. சோறு ஊதியிருக்கிறது. நண்டு களைத்துவிட்டது."

சாந்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! என் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, உந்த மனுசன் என்ன கதைக்குது? விடிய எழும்பிச் சமைச்சனான்!" என்றாள். மதுரா கதிரையிலிருந்து வழுக்கி மேசைக்குக் கீழே போய்விட்டாள், சிரிப்பில். ஹென்னிங் மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகப் புகழ்வதில்லை. சாந்தி புதுச் சீலை கட்டினால், "சிலிக்கன் மஞ்சள்" என்பேன். அவள் வெட்கப்படுவாள். விருந்தாளிகள் எங்களை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

மதுரா இப்போது ஓகூஸ் நகரில் படிக்கிறாள். நான் பயந்தபடியே பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். போன மாரியில் ஒருநாள் வேலையில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். இரத்தக் குழாயில் அடைப்பாம். அதைத் திறந்துவிட்டு, வயர்களைக் கொழுவிப் படுக்க வைத்திருந்தார்கள். செய்தி கேட்டு அடுத்த ரயிலிலேயே மதுரா வந்துவிட்டாள். சாந்தி கட்டிலருகில் இருந்தாள். தாதி ஒருத்தி ஊசி மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. ஓடிவந்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கட்டிலை ஒருமுறை சுற்றி வந்தாள். கட்டில் கம்பியைச் சுண்டிப் பார்த்தாள். பிறகு, தாதிக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, டேனிஷில் தொடங்கினாள்.

"மேலே முடி கொட்டிவிட்டது. நடுப்பகுதி ஊதியிருக்கிறது. முழங்கால் இரண்டும் சத்தம் போடும். உள்ளே குழாய் வேறு அடைத்திருக்கிறது. மிகப் பழைய சாமான்..."

தாதி திகைத்துப்போய் சாந்தியைப் பார்த்தாள். சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயப்படாதே, அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது" என்று டேனிஷில் சொன்னாள்.

நானும் விடவில்லை. வீம்புக்கு, "பிள்ளை, விலை ஒரு சதமும் குறைக்கேலாது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். குரல் உடைந்துவிட்டது.

"கேட்ட விலைக்கே எடுக்கிறன், அப்பா."